ஹாலேயில் தேட வேண்டிய தரங்கம்பாடி

தரங்கம்பாடி, பொறையாறு, தஞ்சாவூர் வரலாற்றில் ஆய்வு செய்பவர்கள் என்றைக்காவது ஒருநாள் ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்கு எழுதியே ஆக வேண்டும். பலர் அங்கேயே தடுமாறுகிறார்கள். தமிழ் ஓலைச்சுவடிகளைக் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதுகிறார்கள். சுவடிகளும், தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரிகளின் கடிதங்களும் இருப்பதோ பிராங்கே அறக்கட்டளையின் ஆவணக் காப்பகத்தில். இரண்டும் ஒரே ஊரில் ஒட்டிப் பிறந்தவை என்றாலும் நிர்வாகம் வேறு வேறு.

ஹாலே பல்கலைக்கழகம் 1694-இல் தொடங்கியது. எங்கும் லத்தீனில் பாடம் நடந்த காலத்தில் ஜெர்மனில் பாடம் நடத்தத் துணிந்த கிறிஸ்டியான் தொமாசியுஸ் அதன் முதல் தூண். இன்னொரு தூண், கீழை மொழிப் பேராசிரியராக வந்த ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே. ஏழைப் பிள்ளைகளுக்காக 1695-இல் அவர் ஆரம்பித்த பள்ளி, அநாதை இல்லம், அச்சகம், மருந்தகம், நூலகம் என்று தனி ஊராகவே வளர்ந்தது. அதுதான் பிராங்கே அறக்கட்டளை. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்க் ஹாலேயில் படித்தவர். பின்னாளில் தஞ்சையில் வாழ்ந்து மறைந்த மிஷனரி சுவார்ட்ஸும் அங்கே படித்தவர்தான்.

1713-இல் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் தரங்கம்பாடிக்கு வந்தன. எழுத்து பெரிதாக இருந்ததால் காகிதம் ஏகமாகச் செலவானது. அதனால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். புதிய ஏற்பாடு 1715-இல் முழுமையானது. காகிதத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கப் பொறையாறில் காகிதப் பட்டறையும் போட்டார்கள். சீகன்பால்கின் தமிழ் இலக்கண நூல் மட்டும் 1716-இல் ஹாலேயிலேயே அச்சானது.

எல்லோரும் சொல்லும் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சீன அறநெறியைப் புகழ்ந்து பேசிய தத்துவப் பேராசிரியர் கிறிஸ்டியான் வோல்ஃபை, பிராங்கேயின் அணியினர் பிரஷ்ய அரசரிடம் முறையிட்டு 1723-இல் வெளியேற்றினார்கள். 48 மணி நேரத்துக்குள் நாட்டை விட்டுப் போகாவிட்டால் தூக்கு என்று உத்தரவு. 1740-இல்தான் அவர் திரும்ப முடிந்தது. சீகன்பால்க் தமிழர் தெய்வங்களைப் பற்றி 1713-இல் எழுதிய பெரிய நூலையும் அதே பிராங்கே அச்சேற விடவில்லை. 1867-இல்தான் அது சென்னையில் அச்சானது. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான், தமிழகத்தைப் பற்றி ஹாலே அச்சிட்டு வெளியிட்டவை எந்தச் சல்லடையில் சலிக்கப்பட்டவை என்பது விளங்கும். அச்சான அறிக்கையோடு நின்றுவிடாமல் மூலக் கடிதத்தையும் பாருங்கள் என்று வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

நெப்போலியன் 1806-இல் பல்கலைக்கழகத்தை மூடினார். 1817-இல் அது 1502-ஆம் ஆண்டின் விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. மார்ட்டின் லூதர் பெயர் வந்தது 1933-இல். கணிதத்தில் கணக் கோட்பாட்டை (set theory) உருவாக்கிய கேன்டர் பல்லாண்டுகள் பாடம் நடத்தியதும், டோரதேயா எர்க்ஸ்லேபன் 1754-இல் ஜெர்மனியின் முதல் பெண் மருத்துவ முனைவரானதும் இங்கேதான்.

இனி தேடும் முறை. தரங்கம்பாடியிலிருந்து போன அறிக்கைகளை ஹாலேயில் தொடர் இதழாக அச்சிட்டார்கள். அவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் அவற்றைப் படித்து ஆள், ஊர், தேதியைக் குறித்துக்கொண்டு, பிறகு காப்பகத்துக்கு எழுதுங்கள். பட்டியலில் ‘தமிழ்’ என்று மட்டும் தேடினால் பலதும் தப்பிவிடும். அக்காலத்தார் ‘மலபாரிஷ்’, ‘டாமுலிஷ்’ என்றுதான் எழுதினார்கள். ஊர்ப் பெயர்களுக்கும் நாலைந்து எழுத்துக்கூட்டலாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

தேதியில் பெரிய பொறி இருக்கிறது. தரங்கம்பாடியை ஆண்ட டென்மார்க்கும் ஹாலேயும் 1700-லேயே புதிய (கிரிகோரியன்) நாள்காட்டிக்கு மாறிவிட்டன. மிஷனரிகளுக்கு உதவிய சங்கம் இருந்த லண்டன் மாறியது 1752-இல். அதுவரை லண்டன் தேதி 11 நாள் பின்தங்கியிருக்கும். போதாததற்கு, இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். ஆகவே லண்டனில் ‘1712 பிப்ரவரி 1’ என்று போட்ட கடிதம் தரங்கம்பாடிக் கணக்கில் 1713 பிப்ரவரி 12. இதைத் திருத்தாவிட்டால் கடிதத்துக்கு முன்பே பதில் வந்ததாகத் தெரியும்.

கையெழுத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். அச்சு நூல்களின் பழைய எழுத்து சில வாரங்களில் பழகிவிடும்; நீண்ட ‘எஸ்’ஸை ‘எஃப்’ என்று படிக்காமல் இருந்தால் போதும். கடிதங்களில் உள்ள ‘குரெண்ட்’ என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து அப்படியல்ல. அதில் ‘ஈ’யும் (e) ‘என்’னும் (n) ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். ‘யு’வின் (u) தலையில் சின்ன வளைவு இருக்கும், அது அழிந்துபோயிருந்தால் அதுவும் ‘என்’ ஆகிவிடும். அச்சில் வந்த ஒரு கடிதத்தின் மூலத்தை வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படித்துப் பழகுவதுதான் சிறந்த வழி.