ஓடுபாதையின் நீளமும் புரொப்பெல்லரின் பிட்ச்சும்

அமெரிக்காவில், தம் கையாலேயே சிறு விமானம் கட்டுபவர்களுக்கு உதவும் பட்டறை ஒன்றில் நான் பணிபுரிந்தபோது, புரொப்பெல்லர் வாங்க யோசனை கேட்டு வந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் விசாரித்தது வேகத்தைப் பற்றித்தான். நானோ அவர்கள் எந்த ஓடுபாதையிலிருந்து பறக்கப் போகிறார்கள் என்று கேட்பேன். பேச்சை மாற்றுகிறேன் என்று சிலர் நினைத்திருக்கலாம்.

இரண்டு பேர் அமரும் ஆர்.வி.-6 விமானத்தில் பலரும் பொருத்துவது லைகோமிங் ஓ-320 இன்ஜின். அதன் 160 குதிரைத்திறன் நிமிடத்துக்கு 2,700 சுற்றில்தான் முழுமையாகக் கிடைக்கும். பிட்ச், அதாவது ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதைத் தீர்மானிக்கும் பிளேடின் சாய்வு, மாறாத புரொப்பெல்லரைப் பூட்டி, விமானத்தை நிறுத்திவைத்து த்ராட்டிலை முழுவதும் திறந்தால், சுற்று 2,250-ஐ ஒட்டி நின்றுவிடுவதுண்டு. ஓடத் தொடங்கும் அந்த விநாடிகளில், ஏறக்குறைய 130 குதிரைத்திறனை வைத்துக்கொண்டுதான் விமானம் தரையை விட்டு எழ வேண்டும். பிட்ச்சைக் கூட்டினால் மேலே வேகம் கூடும், தரையில் சுற்று இன்னும் குறையும். பிட்ச்சைக் குறைத்தால் சீக்கிரம் எழும்பும்; ஆனால் சமதளத்தில் பறக்கும்போது முழுத் த்ராட்டில் கொடுத்தால் இன்ஜின் அதன் வரம்பான 2,700-ஐத் தாண்டிவிடும்.

பறக்கும்போதே பிட்ச்சை மாற்றிக்கொள்ளும் கான்ஸ்டன்ட் ஸ்பீடு புரொப்பெல்லரில் இந்த இழுபறி இல்லை. ஆனால் அதற்கு, எண்ணெய் அழுத்தத்தால் பிட்ச்சை மாற்றிச் சுற்றை நிலையாக வைக்கும் கவர்னர் வேண்டும், எண்ணெய் செல்ல வழியுள்ள கிராங்க் ஷாஃப்ட் (இன்ஜினின் சுழல்தண்டு) வேண்டும்; ஓ-320 வகைகள் எல்லாவற்றிலும் இந்த வசதி கிடையாது. விலையும் எடையும்கூட அதிகம்.

குட்டையான புல் ஓடுபாதையிலிருந்து பறக்கவிருந்த ஒருவருக்கு, பிட்ச் குறைந்த மரப் புரொப்பெல்லரையே சொன்னேன். மரம் அதிர்வைத் தானே உள்வாங்கிக்கொள்ளும். உலோகத்திலோ பிளேடின் அதிர்வும் கிராங்க் ஷாஃப்டின் அதிர்வும் ஒத்துப்போகும் அபாயம் உண்டு என்பதால், இதே இன்ஜினுக்கான சில உலோகப் புரொப்பெல்லர்களைத் தொடர்ந்து 2,600 சுற்றுக்கு மேல் ஓட்டக்கூடாது. எனினும் மரத்துக்கும் கணக்கு உண்டு. அதன் எடை உலோகத்தின் பாதிகூட இராது என்பதால், விமானத்தின் எடைமையம் பின்னால் நகர்கிறது. பின்பகுதியில் பைகளை ஏற்றுவதற்கு முன் எடைக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. மழையில் பிளேடின் முன்விளிம்பு அரிக்கும் என்பதால், மழைக்குள் மாட்டிக்கொண்டால் சுற்றைக் குறைத்தாக வேண்டும். சான்றிதழ் பெற்ற இன்ஜினும் புரொப்பெல்லரும் சேர்ந்த இணைக்கு வழக்கமாக 25 மணி நேரச் சோதனைப் பறத்தல் போதும். அவர் தேர்ந்த இணை அப்படிப்பட்டதல்ல என்பதால் 40 மணி நேரம். அதற்கு அவர் முகம் சுளிக்கவில்லை.

அவரிடம் நான் அழுத்திச் சொன்னது போல்ட்டுகளைப் பற்றித்தான். காற்றின் ஈரம் குறையும் குளிர்காலத்தில் மரம் சுருங்கும், போல்ட்டின் பிடி தளரும். கோடையில் மரம் உப்பி, போல்ட் அதன் நாரையே நசுக்கும். புதிதாகப் பூட்டிய சில மணி நேரப் பறத்தலுக்குப் பிறகும், பருவம் மாறும்போதெல்லாமும் இறுக்கத்தை அளந்து பார்க்க வேண்டும். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச்சைக் கையில் எடுக்கச் சோம்பல்படுபவர் என்று தெரிந்த எவருக்கும் நான் மரத்தைப் பரிந்துரைத்ததில்லை.