விரால் பார்ப்பு மேயுற இடத்துல தூண்டில் முள் போடாதீங்க

மார்கழி பிறந்தாச்சு. ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழைக்கு எங்கள் கண்மாயில் கலுங்கு தொட்டுத் தண்ணி நிற்கிறது. எங்கள் தூண்டில் சங்கத்துக்கு தை முதல் ஞாயிறுதான் சீசன் ஆரம்பம். புரட்டாசியில் பாதிப் பேர் கவுச்சி தொடமாட்டார்கள், அதுக்கப்புறம் மழை. அதனால் நாலு மாசமாகக் கம்பெல்லாம் பரணில் கிடக்கிறது.

காரைக்குடியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை என்னுடையது. சங்கத்துக் கணக்கு நோட்டும் கடையிலேயே இருக்கும். 27 பேர், வருஷச் சந்தா 300 ரூபாய். கண்மாயில் மீன் வளர்க்கிற குத்தகைக்காரரிடம் போன வாரமே பேசிவிட்டேன். மீன்பாசி குத்தகை பசலிக் கணக்கு, ஜூலை 1-லிருந்து மறு ஜூன் 30 வரை. கட்லாவும் ரோகுவும் அவர் காசு போட்டு விட்ட குஞ்சு. ஆளுக்கு ரெண்டு தூண்டில், அரைக் கிலோவுக்குக் கீழே உள்ள கட்லாவைத் திருப்பி விட்டுவிட வேண்டும், வலை கூடவே கூடாது என்றார். நியாயம்தான்.

வைகாசியில் கண்மாய் வறண்டு கிடந்தபோது நாலு பேர் உள்வாய்க்குள் இறங்கி நடந்து பார்த்தோம். கரையை ஒட்டியே சவுடு மண் அள்ளின பள்ளம், ரெண்டு ஆள் ஆழம். இப்போது மேலே பார்த்தால் எல்லா இடமும் ஒரே தண்ணிதான், எது பள்ளம் என்று யாருக்குத் தெரியும்? அங்கே நிற்கிற பனைமரத்தில் அன்றைக்கே சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்தோம். பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள் அந்தப் பனையைத் தாண்டிப் போகாதீர்கள். இதை ஒவ்வொருவரிடமும் நேரிலும் சொல்லப் போகிறேன்.

போன ஞாயிறு கூட்டத்தில் வேட்டங்குடிக்கு ஒருநாள் போகலாமா என்று ஒரு தம்பி கேட்டார். அது 1977-லிருந்து பறவைகள் சரணாலயம். அந்தப் பறவைகளுக்காகவே கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே தூண்டிலோடு போகிற பேச்சே வேண்டாம் என்றேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நம் கரையிலேயே ஒரு நத்தைகுத்தி நாரை காலில் தங்கூசி, அதாவது தூண்டில் நரம்பு, சுற்றி நின்றது. மூணு பேர் துண்டைப் போட்டுப் பிடித்து அறுத்துவிட்டோம். அறுந்த தங்கூசி ஒரு முழம் இருந்தாலும் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

அப்புறம்தான் விரால் பேச்சு வந்தது. கூட்டம் அதிலேயே ஒன்றரை மணி நேரம் நின்றது.

மழைக்குப் பிறகு விரால் பார்ப்போடு, அதாவது குஞ்சுக் கூட்டத்தோடு, திரியும். செக்கச்செவேலென்று நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் ஒரே கும்பலாக மூச்சு வாங்க மேலே வரும்போது, அந்த இடத்தில் மட்டும் தண்ணி கொதிக்கிற மாதிரி இருக்கும். தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் நிற்கும். அந்தக் கும்பலுக்கு நடுவே தவளையைக் கோத்த முள்ளை இறக்கினால் மறுநொடி பிடித்துவிடும். இரை என்று அது வாயை வைப்பதில்லை, பிள்ளைகளிடமிருந்து விரட்டத்தான் கடிக்கிறது. இது தெரியாத வயசில் நானும் அப்படிப் பிடித்திருக்கிறேன். மறுநாள் அதே இடத்துக்குப் போனேன். பார்ப்பு சிதறிக் கிடந்தது, ஜிலேபி மீனும் நீர்க்காகமும் பொறுக்கிக்கொண்டிருந்தன. அன்றைக்கு வயிற்றைப் பிசைந்தது இன்னும் போகவில்லை.

அதனால் தை முடிகிற வரை விரால் பிடித்தால் திருப்பி விடுவது, பார்ப்பு தெரிகிற இடத்தில் தூண்டிலே போடாதது என்று நோட்டில் எழுதி நீட்டினேன். எங்களில் மூத்தவர் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏப்பா, கட்லா குத்தகைக்காரன் விட்டது, சரி. விராலை யாரு விட்டா? எப்படியும் சித்திரையில அவன் வலை போட்டு வழிச்சுருவான்ல?"

"வழிச்சாலும் நாலு விரால் சேத்துக்குள்ள புதைஞ்சு தப்பிச்சுருது அப்பு. அடுத்த மழைக்கு அதுதான் வித்து. யாரும் விடாம வந்ததை நாம பாக்காட்டி வேற யாரு பாப்பா?"

அவர் பதில் சொல்லவில்லை. 19 பேர் கையெழுத்துப் போட்டார்கள், அவர் போடவில்லை. எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமில்லை. தூண்டில் முள் கட்ட எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

நேற்றுக் காலையில் ஆறு மணிக்குக் கடை வாசலில் சைக்கிளோடு நின்றார். "மூணாவது மடைக்கிட்ட பார்ப்பு கெடக்கு, வா" என்றார். போனோம். கோரைக்குள் செம்புநிறமாக ஒரு கும்பல் மேலே வந்து அமிழ்ந்தது. கருவேலங்கம்பு ஒன்றை வெட்டி ஊன்றி, தன் தோள்துண்டில் ஒரு முனையைக் கிழித்து அதில் கட்டினார்.

இன்றைக்குச் சாயங்காலம் வரை இப்படி நாலு கம்பு ஊன்றியிருக்கிறோம். வெள்ளைத் துணி கட்டின கம்பைப் பார்த்தால் இருபது அடி தள்ளி உட்காருங்கள்.