அப்பாவின் குரூப்

ஜூன் 9
ஊர் லேப்பில் அப்பாவுக்கு 'ஓ பாசிடிவ்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். லைசென்ஸில் ஏ பாசிடிவ். ரத்ததான முகாம் என்றால் முதல் ஆளாகப் போய் நின்ற மனுஷன்.

ஜூன் 10
அத்தைக்கு யார் சொன்னது? "உங்கம்மா ஓ. உங்கப்பனும் ஓன்னா நீ எப்படி ஏ?" பேத்தியின் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். ஸ்பீக்கரில் இருந்தது போன். அம்மா அடுப்படியில்.

ஜூன் 12
வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர். மழை. அப்பா தூங்கிக்கொண்டே வந்தார்.

ஜூன் 13
ரத்த வங்கி டெக்னீஷியன் பாலக்காட்டுக்காரர். நான் தமிழில் கேட்க, அவர் மலையாளத்தில் சொன்னார். முன்பு ரத்தம் ஏற்றியதுண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை. குரூப் பார்க்கும் ஜெல் கார்டைக் காட்டினார், வரிசையாகச் சின்னக் குழாய்கள். ஏ இருக்கிறதா என்று பார்க்கும் குழாயில் மேலே மெல்லிய சிவப்புக் கோடு; மீதியெல்லாம் அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒட்டிக்கொண்ட அணுக்கள் மேலேயே நிற்கும், ஒட்டாதவை இறங்கிவிடும். அப்பாவிடம் இரண்டும் இருக்கிறது. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தவனுக்கு அந்தக் கோடு எங்கே தெரியப்போகிறது!

அப்புறம் சீரம், அணுக்கள் நீக்கிய ரத்த நீர். ஓ குரூப் என்றால் அதில் ஏ, பி அணுக்களைத் தாக்கும் ஆன்டி-ஏ, ஆன்டி-பி இரண்டும் இருக்கணும். அப்பாவுக்கு ஆன்டி-பி மட்டும்தான். பிறவியில் ஏ.

ஏ. ஏ. ஏ.

ஜூன் 14
அம்மா சாப்பிடவில்லை.

ஜூன் 16
டாக்டர் உட்காரவைத்துச் சொன்னார். ரத்த குரூப்பை முடிவு செய்யும் ஏபிஓ ஜீன் 9-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அப்பாவுக்கு வந்திருக்கிற மாதிரி ரத்தப் புற்றில் எலும்பு மஜ்ஜை செல்களில் சில சமயம் அந்தத் துண்டே போய்விடும். சில சமயம் ஜீன் அப்படியே இருக்கும், மீத்தைல் என்ற சின்ன வேதித் துணுக்கு ஒட்டிக்கொண்டு அதை வேலை செய்யவிடாது. கோளாறு மஜ்ஜையில்தான். எனக்குக் கொடுத்ததை அப்பா எப்போதோ கொடுத்தாயிற்று. நோய் அடங்கினால் ஏ திரும்பவும் வரலாமாம். குடல் புற்றில் வேறு கூத்து: பாக்டீரியாவின் நொதி ஏ-யைச் செதுக்கி, பி போலக் காட்டிவிடுமாம்.

அம்மாவிடம் சொன்னேன். "எனக்கெதுக்கு இந்தப் பாடம்? உங்கத்தைக்குச் சொல்லு."

ஜூன் 17
ஒரே ஸ்டாண்டில் சிவப்பணு ஓ, பிளேட்லெட் ஏ. ஓ பிளேட்லெட்டோடு வரும் பிளாஸ்மாவில் ஆன்டி-ஏ இருக்கும், மிச்சமிருக்கும் ஏ அணுக்களை உடைக்கும் என்பதால். அப்பா இரண்டு லேபிளையும் படித்துவிட்டு, "நான் இதில் யாரு?" என்றார். சிரிக்கத்தான் செய்தார்.

ஜூன் 18
அப்பாவுக்கு ஏற்றியதற்கு ஈடாக வங்கிக்குப் பதில் ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும். அத்தை மகன் வருகிறான். சொந்தக்காரர் ரத்தத்தை அப்பாவுக்கு ஏற்ற மாட்டார்களாம், வங்கி இருப்புக்குப் போகும். காலையில் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லணும். அத்தையும் கூட வருகிறாராம்.