டிரைவர் ஏறிவிட்டது, பேப்பர்தான் வரவில்லை

உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு பழைய லேசர் பிரின்டருக்கு டிரைவர் போட்டு முடித்துவிட்டேன். வேலை முடிந்த நிம்மதி இருந்தாலும் அந்தக் கம்பெனி மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. பிரின்டர் இருப்பது அக்காவின் ஜெராக்ஸ் கடையில். பொதுத்தேர்வு நேரம், மாதிரி வினாத்தாள் அச்செடுக்கப் பிள்ளைகள் வாசல் வரை நிற்கிறார்கள்.

கம்பெனித் தளத்தில் லினக்ஸுக்கென்றே தனிப் பக்கம் உண்டு. டெப் கோப்பை, அதாவது உபுண்டுவில் மென்பொருளை ஏற்றும் பொதியை, சுலபமாக இறக்கினேன். பொதிகளை ஏற்றும் டிபிகேஜி கட்டளையை வைத்து ஏற்றப் போனால், கோப்பு ஐ386 (32 பிட்), கணினி ஏஎம்டி64 (64 பிட்), பொருந்தாது என்று நிறுத்திவிட்டது. அதற்கு அந்தப் பக்கத்திலேயே மருந்து எழுதியிருக்கிறார்கள்: தடைகளை மீறி ஏற்றச் சொல்லும் ஃபோர்ஸ் ஆல் சேர்த்து ஓட்டவும். அப்படியே செய்ததும் ஏறியது. செட்டிங்ஸில் பிரின்டர் பெயரும் வந்தது. டெஸ்ட் பேஜ் கொடுத்தால் 'ஃபில்டர் ஃபெயில்ட்' என்ற பிழை. அச்சுக்கு ஏற்றபடி மாற்றும் நிரல் தோற்றுவிட்டது என்று பொருள்.

கஸ்டமர் கேரில், "சார், லினக்ஸுக்கு சப்போர்ட் இல்ல, விண்டோஸ் போட்டுட்டுக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார்கள். பிறகு எதற்காகத் தளத்தில் லினக்ஸ் டிரைவர் வைத்திருக்கிறார்கள்?

அதன்பின் லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் மென்பொருளின் விரிவான பிழைப்பதிவை (டீபக்) முடுக்கி, எரர் லாகைப் படித்தேன். டிரைவரின் ஸ்கிரிப்ட் சரியாகவே ஓடுகிறது. அது கூப்பிடும் உள் நிரலில்தான் அறுபடுகிறது. அந்த நிரலை டெர்மினலில் நேரடியாக ஓட்டினால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்கிறது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கொடுத்தால் கோப்பு கண்முன்னே இருக்கிறது, இயக்கும் அனுமதியோடு! இந்த இடத்தில்தான் பலரும் வெறுத்துப்போய் டிரைவரை நீக்கி நீக்கிப் போடுகிறார்கள். ஒரு கோப்பு என்ன வகை என்று சொல்லும் ஃபைல் என்ற கட்டளையை அதன்மேல் ஓட்டிப் பாருங்கள். எனக்கு '32 பிட்' என்று வந்தது. இல்லை என்று கணினி சொன்னது அந்த நிரலை அல்ல, அதை ஏற்றி ஓட்டவேண்டிய 32 பிட் லோடரை. அது 64 பிட் உபுண்டுவில் தானாக இருக்காது.

இது வேண்டும் என்று டெப் கோப்பு சொல்லியிருக்க வேண்டாமா? டிபிகேஜியில் பெரிய ஐ போட்டு உள்விவரத்தைப் பார்த்தேன். கூடவே வேண்டிய பொதிகளைச் சொல்லும் டிபெண்ட்ஸ் என்ற வரியே இல்லை. அதனால், தேவையான பொதிகளைத் தானே கொண்டுவரும் ஆப்ட் கட்டளை வழியாகப் போட்டிருந்தாலும் லோடர் வந்திருக்காது. ஆர்க்கிடெக்சர் பொருந்தவில்லை என்று டிபிகேஜி கொடுத்தது நியாயமான எச்சரிக்கை. அதன் வாயை அடைக்கத்தான் கம்பெனி சொல்லிக்கொடுக்கிறது.

தீர்வு சின்னது. டிபிகேஜியில் ஆட் ஆர்க்கிடெக்சர் ஐ386 கொடுத்து 32 பிட் பொதிகளை அனுமதித்து, ஆப்ட் அப்டேட் ஓட்டி, அந்த லோடர் அடங்கிய லிப்சி6 என்ற அடிப்படைப் பொதியின் ஐ386 பதிப்பைப் போட்டேன். அடுத்த நொடி பேப்பர் வந்தது. அக்கா முதல் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்காடா இத்தனை பாடு?" என்றாள். 2019-இல் 32 பிட் பொதிகளை அடியோடு நிறுத்தப்போவதாக உபுண்டு அறிவித்து, ஸ்டீம் தளத்தின் 32 பிட் விளையாட்டுகளை நம்பியிருந்தவர்கள் எதிர்த்த பிறகு தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டும் விட்டுவைத்தது. லிப்சி6 அந்த மிச்சத்தில் ஒன்று.

டிபெண்ட்ஸ் ஒழுங்காக எழுதிய டெப் கோப்பு என்றால் டிபிகேஜி வேண்டாம், ஆப்ட் இன்ஸ்டாலே போதும். தேவையானதை அதுவே இழுத்துவரும். கோப்பு இருக்கும் ஃபோல்டரிலிருந்து ஓட்டினால், அதன் பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் (./) போடுங்கள். இல்லாவிட்டால் இணையக் களஞ்சியத்தில் தேடிவிட்டு, அப்படியொரு பொதியே இல்லை என்று சாதிக்கும். பாதியில் நின்ற பொதிகளைச் சரிசெய்யும் ஆப்டின் 'ஃபிக்ஸ் புரோக்கன்' ஓட்டும்போது 'நீக்கப்படுபவை' என்று காட்டும் பட்டியலைப் படிக்காமல் ஒய் அழுத்தாதீர்கள். பல நேரம் நீங்கள் இப்போதுதான் ஏற்றிய பொதியையே தூக்கிவிடும்.

டெப் கோப்பைப் பென் டிரைவில் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். பழைய மாடலுக்கான பக்கத்தைக் கம்பெனி எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம்.