பேருந்தில் நான் சொல்லும் ஒரு வாக்கியம்

அஜந்தாவுக்குக் குழுவை அழைத்துச் செல்லும்போது, குகைகளுக்கு நான்கு கிலோமீட்டர் முன்னதாகவே நம் வண்டியை நிறுத்திவிட்டு அங்கு ஓடும் பேருந்துக்கு மாற வேண்டும். அதற்கு முன் எல்லோரையும் இருக்கையிலேயே அமர்த்திச் சில செய்திகளைச் சொல்வது என் வழக்கம். ஃபிளாஷ் போடக் கூடாது, சுவரைத் தொடக் கூடாது, ஓவியமுள்ள குகைகளுக்குள் காலணியுடன் போகக் கூடாது, ஒரே நேரத்தில் நாற்பது பேருக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள், காவலர் போதும் என்றால் வெளியே வந்துவிட வேண்டும். இவற்றோடு, "நாம் விடும் மூச்சுகூட அந்த ஓவியங்களுக்குக் கெடுதல்" என்ற வாக்கியத்தையும் சேர்த்துக்கொள்வேன். விதியை மட்டும் சொன்னால் மக்கள் அதைக் கெடுபிடியாக எடுத்துக்கொள்கிறார்கள். காரணத்தையும் சொன்னால் கேட்கிறார்கள். அந்த வாக்கியத்தை ஒருவர் முழுமையாகக் கேட்டுவிட்டார் என்பதே என்னை இன்றுவரை உறுத்திக்கொண்டிருக்கிறது.

அவர் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். எங்கள் பயணத்தில் சேரும் பலருக்கும் ஷீரடியும் கிருஷ்ணேஸ்வரர் கோயிலுமே முக்கியம்; எல்லோராவும் அஜந்தாவும் வழியில் வருபவை. இவருக்கு மட்டும் அது தலைகீழாக இருந்தது. மாணவர்களைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துப் போய் மேற்கூரையின் தாமரைக் குளத்தைக் காட்டியதையும், அச்சுப் படத்தைப் பார்த்தே அஜந்தா முதல் குகையின் பத்மபாணியை, அதாவது கையில் தாமரை ஏந்திய போதிசத்துவர் ஓவியத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டியதையும் வண்டியில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். நேரில் பார்த்ததில்லை.

நான் பேசி முடித்ததும் அவர் ஒருவர்தான் கேள்வி கேட்டார். "நம்ம மூச்சா தம்பி?"

எனக்குத் தெரிந்ததை விளக்கினேன். அஜந்தாவில் குடைந்த பாறையின் மேல் மண் பூசி, அந்த மண்ணில் நார்களும் நெல் உமியும் கலந்து, மேலே மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு கொடுத்து, அது காய்ந்த பிறகே பசை கலந்த வண்ணத்தால் தீட்டியிருக்கிறார்கள். ஈரச் சுண்ணாம்பில் ஊறிப் பிடித்த வண்ணம் அல்ல என்பதால் ஈரப்பதம் அதற்குப் பகை. கூட்டம் நிறைந்த குகையில் மூச்சும் வியர்வையும் உடல் வெப்பமும் சேர்ந்து காற்றின் ஈரத்தை ஏற்றி இறக்குகின்றன. பிரான்சில் 1940-ல் கண்டுபிடிக்கப்பட்ட லாஸ்கோ குகையைப் பற்றியும் சொன்னேன். 1948-ல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பார்வையாளர்களின் மூச்சுக்காற்றும் விளக்கு வெளிச்சமும் பாசியையும் படிவையும் கொண்டுவந்ததால் 1963-ல் மூடிவிட்டார்கள். அவர் தலையசைத்தார். நன்றாக விளக்கினேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

முதல் குகையில், கருவறைக்கு முன் இடப்பக்கச் சுவரில் இருக்கும் பத்மபாணியின் எதிரே அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு நின்றார். காவலர் யாரையும் கிளம்பச் சொல்லவில்லை; நேரம் இருந்தது. மற்றவர்கள் இன்னும் கண்ணை இருட்டுக்குப் பழக்கிக்கொண்டிருக்கையில் அவர் வெளியே வந்துவிட்டார். பின்னாலேயே போய், "ஐயா, இன்னும் நேரம் இருக்கிறது" என்றேன்.

"போதும் தம்பி. நான் நிக்கிறதாலேயே அது கெடும்னா, நின்னு என்ன பாக்குறது?"

எனக்குப் பதில் வரவில்லை. பிறகு இரண்டாம் குகைக்குள்ளும் அவர் நுழையவில்லை. ஓவியங்களுக்காகவே உலகம் தேடி வருகிற பதினாறாம், பதினேழாம் குகைகளையும் வாசலோடு கடந்தார். இருபத்தாறாம் குகையில் மட்டும், ஏறத்தாழ ஏழு மீட்டர் நீளத்தில், உயிர் பிரியும் நிலையில் கிடக்கும் பரிநிர்வாண புத்தரின் சிலை முன் நெடுநேரம் நின்றார். "இது கல்லு" என்றார். துண்டு தோளில்தான் கிடந்தது.

அந்த நிமிடத்தில், "உங்கள் ஒருவர் மூச்சால் என்ன ஆகிவிடும், வாருங்கள் ஐயா" என்று நான் சொல்லியிருக்கலாம். பலமுறை எண்ணிப் பார்த்துவிட்டேன். அதை என்னால் சொல்லியிருக்க முடியாது. உள்ளே நின்ற ஒவ்வொருவரும் அதே சொல்லைத் தனக்கும் உரிமையாக்கிக்கொள்ள முடியும். ஒருவரால் ஒன்றும் ஆகாது என்ற சமாதானத்தின் மேல்தான் எல்லாச் சேதமும் நடக்கிறது. வண்டியில் சொன்னதைக் குகை வாசலில் மறுத்துப் பேசினால் என் வார்த்தைக்கு மதிப்பேது? எங்கள் நிறுவனத்தில் மூத்தவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "உண்மையைத்தானே சொன்னாய், அவர் போனது அவர் விருப்பம்" என்றார். சரியான பேச்சுதான்.

ஆனால் உண்மைக்கு அளவும் உண்டல்லவா. அஜந்தாவின் ஓவியங்களுக்கு நேர்ந்ததை வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன். 1819-ல் குகைகளைக் கண்ட ஆங்கிலேய அதிகாரி ஜான் ஸ்மித், பத்தாம் குகையில் ஓவியத்தின் மேலேயே தன் பெயரைக் கீறிவிட்டுப் போனார். சென்னைப் படையைச் சேர்ந்த ராபர்ட் கில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து எடுத்த நகல்களில் பெரும்பாலானவை 1866-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் தீயில் போயின. பம்பாய் ஓவியப் பள்ளியின் முதல்வர் ஜான் கிரிஃபித்ஸ் தன் மாணவர்களைக் கொண்டு மீண்டும் எடுத்த நகல்களில் பலவும் 1885-ல் இன்னொரு தீயில் அழிந்தன. ஹைதராபாத் நிஜாம் அரசு 1920-ல் இத்தாலியிலிருந்து வரவழைத்த வல்லுநர்கள், உதிர்ந்துகொண்டிருந்த பூச்சை நிலைநிறுத்தப் பெரும்பாடு பட்டார்கள். அவர்களே பாதுகாப்புக்கென்று பூசிய அரக்கு வார்னிஷ் பின்னாளில் பழுப்பேறி வண்ணங்களை மறைத்தது. இவை போக மழைக் கசிவு, வௌவால், பூச்சி. இத்தனையையும் விட்டுவிட்டு, வாழ்நாளில் ஒரே ஒருமுறை அங்கு வந்து நிற்கும் பயணியின் மூச்சை மட்டும் நான் முன்னால் எடுத்து வைத்தேன். மற்றவை நம் கையில் இல்லை, மூச்சும் கையும் கேமராவும்தான் நம் கையில் இருக்கின்றன என்பதே அதற்கு நான் வைத்திருக்கும் நியாயம். அது வலுவான நியாயம் என்று இப்போதும் நம்புகிறேன். நம்பிக்கொண்டே, அந்தத் துண்டையும் நினைத்துக்கொள்கிறேன்.

அன்று அதே குழுவில் ஒருவர் ஃபிளாஷ் போட்டுக் காவலரிடம் திட்டு வாங்கினார். அவருக்கும் அதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருந்தேன். எச்சரிக்கை என்பது கேட்க வேண்டியவர்களைத் தாண்டிப் போய், ஏற்கெனவே கவனமாக இருப்பவர்களின் மேல் சுமையாக இறங்குகிறது. நேசிப்பவர்களுக்குக் கூடுதல் நேரம் கொடுக்கலாமே என்றும் ஒருகணம் தோன்றியது. நேசத்தை அளக்க நான் யார், காவலர்தான் யார்? லாஸ்கோவில் இப்போது மக்கள் பார்ப்பது மாதிரிக் குகையைத்தான். அஜந்தாவிலும் முதல் குகை உட்பட நான்கு குகைகளின் மாதிரிகளைப் பார்வையாளர் மையத்தில் கட்டினார்கள். மாதிரிகளை நான் குறைவாக மதிப்பவன் அல்லன். ஆனால் அந்த ஆசிரியர் வாழ்நாள் முழுவதும் பார்த்ததும் வரைந்ததும் மாதிரியைத்தான்.

மிகப் பிந்திதான் எனக்கு ஒன்று விளங்கியது. நாற்பது பேர் என்ற வரம்பை ஒருவர் எதற்காக வகுத்திருப்பார்? உள்ளே வரும் ஒவ்வொருவரும் தன் மூச்சைத் தானே எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம் என்பதற்காகவும்தான். பொறுப்பைத் தொல்லியல் துறை வாங்கிக்கொண்டு, உன் பங்குக்கு இவ்வளவு நேரம், நிம்மதியாக நின்று பார் என்று கொடுக்கிறது. "ஐயா, உங்கள் மூச்சையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள்" என்று நான் சொல்லியிருக்கலாம். அது பொய்யும் ஆகாது, விதியை மீறுவதும் ஆகாது. அந்தக் கணக்கே போதுமானதா என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால், ஆம் என்று அடித்துச் சொல்லும் துணிவு எனக்கு இருந்திருக்குமா என்பது வேறு.

இப்போது வண்டியில் அந்த வாக்கியத்துக்குப் பின், "கொடுத்த நேரம் முழுவதும் நின்று பாருங்கள், அது உங்களுக்கு உரியது" என்றும் சொல்கிறேன். பலரும் அதற்குள் இறங்கத் தயாராகிவிடுகிறார்கள். அவருடைய தொலைபேசி எண் எங்கள் பதிவேட்டில் இருக்கிறது. அழைத்து, இன்னொரு முறை வாருங்கள், இம்முறை உள்ளே நிற்கலாம் என்று சொல்ல வேண்டும் என்று எண்ணிப் பார்க்கிறேன். சுற்றுலா நிறுவனத்திலிருந்து போகும் அழைப்பு, அடுத்த பயணத்துக்கு ஆள் பிடிக்கும் அழைப்பாகவே அவருக்குக் கேட்கும் என்பதால் இதுவரை அழைக்கவில்லை.