அமேலியின் முகத்தில் பச்சை

பிப்ரவரி 3

பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ் தன் மனைவி அமேலியை 1905-இல் வரைந்த படத்தைத்தான் இந்த வாரம் முழுக்கப் பார்க்கப் போகிறேன். கோபன்ஹேகனில் டென்மார்க்கின் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. உயரம் சுமார் 40 சென்டிமீட்டர்தான். நெற்றியிலிருந்து மூக்கு வழியாக ஒரு பச்சைப் பட்டை இறங்குகிறது. ஒரு கன்னம் மஞ்சள், மற்றது இளஞ்சிவப்பு.

பிப்ரவரி 4

அச்சுப்படத்தில் அந்தப் பட்டையை விரலால் மறைத்தேன். மூக்கே போய்விட்டது, இரண்டு கன்னங்களும் தட்டையாகிவிட்டன. விரலை எடுத்ததும் முகம் திரண்டு முன்னால் வந்தது. பழைய ஓவியர்கள் பழுப்பு நிழலிட்டுச் செய்த வேலையை இங்கே பச்சை செய்கிறது. வெளிச்சப் பக்கம், நிழல் பக்கம் என்று பிரிக்காமல், சூடான நிறம், குளிர்ந்த நிறம் என்று பிரித்திருக்கிறார். பின்னணியிலும் பச்சை இருப்பதால் முகத்துப் பச்சை அந்நியமாகத் தெரியவில்லை. எவ்வளவு துணிச்சலான கணக்கு!

பிப்ரவரி 7

‘மனைவியின் முகத்தை அலங்கோலமாக்கிவிட்டார்’ என்று நண்பர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. வளைந்த கரும்புருவம், உச்சியில் தூக்கிக் கட்டிய நீலக்கருங்கூந்தல், இறுக மூடிய வாய். சுற்றிலும் நிறங்கள் இரைச்சல் போட, இந்தப் பெண் அசையாமல் இருக்கிறாள். கணவர் படம் விற்காத காலத்தில் தொப்பிக் கடை நடத்திக் குடும்பத்தைத் தாங்கியவர் அமேலி. அந்த உறுதியைப் பச்சை குலைக்கவில்லை, தூக்கி நிறுத்துகிறது.

அதே ஆண்டு பாரிஸின் இலையுதிர்காலக் கண்காட்சியில் அமேலியின் இன்னொரு படமான ‘தொப்பி அணிந்த பெண்’ணைக் கண்டு கூட்டம் சிரித்தது. அந்தக் கண்காட்சிக்குப் பிறகுதான் மத்தீஸுக்கும் கூட்டாளிகளுக்கும் ‘காட்டு விலங்குகள்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

பிப்ரவரி 12

1913-இல் வரைந்த அமேலி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். இந்தப் படத்துக்காக நூறு தடவைக்கு மேல் மத்தீஸின் எதிரே உட்கார்ந்தாராம். முகம் முழுக்கச் சாம்பல், கண்கள் வெறும் கருப்பு. அப்புறம் 1939-இல் இருவரும் பிரிந்தார்கள் என்பதால், பிரிவு இந்த முகத்திலேயே எழுதியிருக்கிறது என்று சிலர் வாசிக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. உருவங்களைக் கோண வடிவங்களாக உடைத்து வரையும் கியூபிசம் பாரிஸில் ஓங்கியிருந்த நேரம் அது. மத்தீஸும் நிறத்தை அடக்கி வடிவத்தின் எலும்பைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டுகளின் வேறு படங்களிலும் சாம்பலும் கருப்பும் ஏறியிருக்கின்றன. அமேலிக்கு மட்டும் வந்த சாம்பல் இல்லை இது.