அரை விரியன்

நேற்று மத்தியானம் மீட்டிங் முடிந்து கைப்பேசியைப் பார்த்தால் அத்தையிடமிருந்து 11 மிஸ்டு கால். போன முறை இப்படி வந்தது நெய் டப்பா மூடி திறக்கவில்லை என்பதற்காக. அதனால் நிதானமாகத்தான் திருப்பிக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, உன் பிள்ளை மேசை மேல பாம்பப் போட்டுட்டுப் போயிருக்கான். அதுவும் பாதிப் பாம்பு. மீதி எங்க கிடக்குன்னு தெரியல."

சிங்கப்பூரில் எங்கள் ஈசூனில் எதுவும் நடக்கும் என்று ஊரே சொல்லிச் சிரிக்கிறதுதான். லோங்காங்கில், அதாவது சாக்கடையில், மலைப்பாம்பு படுத்திருக்கும் படத்தை யாராவது அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் 9வது மாடிக்கு, சாப்பாட்டு மேசைக்கு, அதுவும் பாதியாக வந்த பாம்பு இதுவரை இல்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "ஹாஃப் ஆர்டரா? பிரியாணியா?" என்றார். அவரிடம் அவ்வளவுதான் எதிர்பார்க்க முடியும்.

எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் குடும்பக் குழுவைத் திறந்தேன். பையன் காலையிலேயே ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறான்: ஹாஃப் ஆடர் டைனிங் டேபிளில் இருக்கிறது, தொடாதீர்கள், ஃபுல் ஆடர் இன்னும் முடியவில்லை, ராத்திரி வந்து முடிக்கிறேன். பாலிடெக்னிக் பாடம், எண்களைக் கூட்டும் மின்சுற்று. நானும் அவரும் வழக்கம்போலப் படிக்காமலே கட்டைவிரலைப் போட்டிருந்தோம். அத்தை அப்படி இல்லை. எந்தச் செய்தியானாலும் மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்தி, எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் மறுவேலை. ஆங்கிலத்தில் ஆடர் என்ற பெயரில் ஒரு விரியன் பாம்பும் உண்டு. பொத்தான் கொடுத்த தமிழ்: "அரை விரியன் சாப்பாட்டு மேசையில் உள்ளது. தொட வேண்டாம். முழு விரியன் இன்னும் முடிக்கப்படவில்லை. இரவு வந்து முடிப்பேன்."

மன்னார்குடிப் பக்கம் வரப்பில் நிஜக் கண்ணாடி விரியனைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனவர் இதைப் படித்தால் சும்மா இருப்பாரா? போய்ப் பார்த்திருக்கிறார். வெள்ளைப் பலகை. அதிலிருந்து பச்சையும் மஞ்சளுமாய்க் கம்பிகள் நெளிந்து கிளம்பி, மறுபடி அந்தப் பலகைக்குள்ளேயே தலையை நுழைத்துக்கொண்டிருந்தன. ஓரத்தில் சிவப்பாய் ஒரு கண். பொங்கலுக்கு மட்டும் அலமாரியை விட்டு இறங்கும் பெரிய குண்டானை எடுத்து அதன்மேல் கவிழ்த்து, குண்டான் மேல் 5 கிலோ பொன்னி அரிசிப் பையை வைத்து, எதிர்வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்.

அத்தைக்கும் எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவான மக்சிக்குக்கும் நடுவில் புழங்குவது மொத்தம் 20 மலாய்ச் சொற்கள். நல்லவேளை, பாம்புக்கான 'உலார்' அதில் ஒன்று. "ஆடர்! உலார்!" என்றிருக்கிறார் அத்தை. மலாயில் 'அடா' என்றால் இருக்கிறது என்று அர்த்தம். மக்சிக் காதில் விழுந்தது, பாம்பு இருக்கிறது. "அடா டி மானா?" எங்கே இருக்கிறது என்று அவர் கேட்க, "ஆமா, ஆமா, ஆடர்தான்" என்று இவர் சொல்ல, இரண்டு பேரும் ஒரு எழுத்துகூடப் பிசகாமல் புரிந்துகொண்டுவிட்டார்கள்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது குண்டானுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், கையில் ஆளுக்கொரு துடைப்பம். நடுவில் ஒரு தட்டுப் பீசாங் கோரெங் (வாழைப்பழ பஜ்ஜி), ஏறக்குறைய காலி. பாம்பு பயத்தில் பசி கூடும்போலிருக்கிறது.

குண்டானைத் தூக்கினால், அதன் விளிம்பு சரியாக ஒரு சிப்பின் மேல் இறங்கியிருந்தது. அத்தை கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார். "இது பாம்பு இல்லையே, பூரான்ல?" ஒவ்வொரு சிப்புக்கும் 14 கால். தப்பில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் வீட்டுக்காரர் பிரசங்கம். பிரிட்டனுக்குச் சொந்தமான விஷப்பாம்பு ஆடர் ஒன்றுதானாம். முன்னாளில் அதன் பெயர் நேடர். 'எ நேடர்' என்று சொல்லிச் சொல்லி, அந்த 'ந' முன்னால் இருந்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டு 'ஆன் ஆடர்' ஆகிவிட்டதாம். ஏப்ரனும் ஒரு காலத்தில் நேப்ரனாம். கணக்குப் போடும் ஆடர் வேறு, அது லத்தீன் வழி வந்தது. இதையெல்லாம் சொல்லத் தெரிந்தவருக்கு மத்தியானம் பிரியாணிதான் ஞாபகம் வந்தது.

தமிழில் அந்தச் சாதனத்துக்குக் 'கூட்டி' என்று பெயர். ஹாஃப் ஆடர் அரைக்கூட்டி. நல்லவேளை அப்படி மொழிபெயர்க்கவில்லை. வந்திருந்தால், வீட்டை அரைகுறையாகக் கூட்டியது யார் என்று அத்தை என்னைத்தான் கேட்டிருப்பார். நம் ஆட்கள் கூட்டலையும் பெருக்கலையும் கணக்கில் வைத்ததோடு விடாமல், இரண்டையும் துடைப்பத்துக்கும் கொடுத்து, அந்தத் துடைப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

பையன் முகம் தொங்கிப்போயிருந்தது. மறுநாள் காட்ட வேண்டிய பாடம். கோபப்படவில்லை, அதுவே எனக்குச் சங்கடமாக இருந்தது. அத்தை டார்ச்சை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் இடுக்கியால் வளைந்த கால்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினான். ஒரு பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு. இரண்டையும் அழுத்தினால் சிவப்பு அணைந்து பக்கத்தில் பச்சை.

"ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னு சொல்ல இத்தனை கம்பியாடா?"

"இதுக்கு ரெண்டு தெரியாது அப்பாயி. ஒண்ணு, சைபர் மட்டும்தான்."

"அப்போ சைபர் போட்டு மிச்சம் ஒண்ணு. அந்தப் பச்சைதான் மிச்சம்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். பால் கணக்கு, நெல் கணக்கு எல்லாம் நாற்பது வருஷம் விரலில் போட்டவர்.

"சரி, மிச்சத்தக் குடுக்குது. இன்னொரு பக்கத்துலேர்ந்து மிச்சம் வந்தா எங்க வாங்கும்?"

"வாங்காது அப்பாயி. அதனாலதான் இது அரை. இதே மாதிரி ரெண்டச் சேத்தாத்தான் முழுசு." கொஞ்சம் நேரம் கழித்து, "எங்க கிளாஸ்ல இத யாருமே கேக்கல" என்றான். நான் படுக்கப் போனபோது மணி 12. டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

இன்று காலை குழுவில் அவனிடமிருந்து ஒரு வரி. அத்தை பொத்தானை அழுத்திச் சத்தமாகப் படித்தார்: "முழு விரியன் நன்றாக வேலை செய்கிறது." உடனே செருப்பை மாட்டிக்கொண்டு மக்சிக்கிடம் சொல்லக் கிளம்பிவிட்டார். அந்த 20 சொற்களில் இதை எப்படிச் சொல்லப்போகிறாரோ தெரியாது. மேசையடி முழுக்கக் கம்பித் தோல். துடைப்பத்தைத் தேடினால் காணோம். மக்சிக் தன்னுடையதை இங்கே விட்டுவிட்டு எங்களுடையதை எடுத்துப் போயிருக்கிறார்.